கூழ்ப் பந்தலில் ஒலிக்கும் குரல்

ஆடி பிறந்துவிட்டால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தத் தெருவில் நுழைந்தாலும், கூழ் ஊற்றும் பந்தலில் எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல்தான். ஆனால் படித்தவர்கள் பலர் அவரைக் 'கிளப் டான்ஸ் பாட்டுப் பாடகி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். இது நியாயமில்லை.

கோரஸ் பாடிய அம்மாவோடு போய், தாமும் கோரஸில் நின்று மேலே வந்தவர் அவர். 'பாசமலர்' (1961) படத்தில் தோழி மணப்பெண்ணை அழைக்கும் அவருடைய பாட்டு ஒலிக்காத கல்யாண வீடு அன்று அபூர்வம். 'சிவந்த மண்' (1969) படத்தில் சாட்டையடிக்கு நடுவே ஆடும் பெண்ணின் வலியைப் பாடியதும் அதே குரல்தான். அதை வெறும் ஆட்டப் பாட்டு என்று ஒதுக்க முடியுமா?

அவருடைய இயற்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி, கிறிஸ்தவர். அம்மன் பாட்டுக்கு உருகும் எங்கள் தெருக்காரர்கள் குரலில் பக்தி இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். மதத்தைப் பார்க்கவில்லை, முன்பு பாடிய பாட்டையும் பார்க்கவில்லை.

கலையை எடைபோடுவதில் கூழ்ப் பந்தலின் தராசுதான் நேர்மையானது. பந்தலில் பாட்டுப் போடும் தம்பிகளே, அம்மன் பாட்டு முடிந்ததும் அந்தக் கல்யாணப் பாட்டையும் ஒருமுறை போடுங்கள். இரண்டும் ஒரே குரல் என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.