நட்டம் யாருக்கோ அவன்தான் முதலாளி

இப்பெல்லாம் எங்க பக்கம் எந்த விவசாயக் கூட்டத்துக்குப் போனாலும் கடைசி ஒரு மணி நேரத்தை ஏஐக்குன்னு ஒதுக்கிடறாங்க. பேசறவரு லேப்டாப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு, "பத்து பேர் வேலைய இனி நீங்க ஒருத்தரே பாக்கலாம்"ங்கறாரு. அடுத்து, "விவசாயியாவே இருக்காதீங்க, தொழில்முனைவோரா மாறுங்க"ன்னு ஒரு அறிவுரை. கூட்டம் கை தட்டுது. டீயைக் குடிச்சுட்டு எல்லாரும் வீட்டுக்குப் போறோம்.

நான் கடலையும் எள்ளும் போடறவன். கூடவே சின்னதா ஒரு மரச்செக்கும் ஓட்டறேன். ஏஐயும் பயன்படுத்தறேன். அந்த மெஷினோட எனக்கு ஒரு சண்டையும் இல்லைங்க. என் சண்டையெல்லாம் அந்த மேடைப் பேச்சோடதான்.

அவங்க போடறது சம்பளக்காரர் கணக்கு. ஒரு மணி நேரத்துல எத்தனை வேலை முடிஞ்சுது, எவ்வளவு நேரம் மிச்சமாச்சுன்னு பாக்கற கணக்கு. சொந்தத் தொழில் பண்றவனுக்கு அது ரெண்டாவது கணக்கு. முதல் கணக்கு வேற: இந்த வேலை தப்பாப் போனா யார் பையில இருந்து காசு போகும்? முதலாளிங்கறதுக்கு என் அகராதியில இருக்கற ஒரே அர்த்தம் இதுதான். போர்டுல பேர் இருக்கறவன் முதலாளி இல்லீங்க. நட்டம் வந்தா வெளிய காட்டிக்காம தாங்கிக்கறவன்தான் முதலாளி.

இதுக்கு ஒரு நல்ல உதாரணம் கனடாவுல இருக்கு. ஏர் கனடா விமானக் கம்பெனி தன்னோட இணையதளத்துல வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல ஒரு சாட்பாட் வெச்சிருந்தது. 2022-ல பாட்டி இறந்த துக்கத்துக்குப் போக வேண்டிய ஒருத்தர் அதுகிட்ட விவரம் கேட்டாரு. இப்ப முழு விலைக்கு டிக்கெட் எடுத்துட்டு, துக்கச் சலுகைக்கு அப்புறமா விண்ணப்பிக்கலாம்னு அது சொல்லிடுச்சு. கம்பெனி விதியில அப்படி இல்லை. அவர் கேஸ் போட்டாரு. கம்பெனித் தரப்பு என்ன வாதாடுச்சு தெரியுமா? சாட்பாட் தனி ஆள் மாதிரி, அது சொன்னதுக்கு அதுதான் பொறுப்புன்னு! 2024 பிப்ரவரியில பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏத்துக்கலை. உன் தளத்துல இருக்கற ஒவ்வொரு சொல்லுக்கும் நீதான் பொறுப்புன்னு சொல்லி, வட்டி, கட்டணமெல்லாம் சேர்த்து எண்ணூறு சொச்சம் டாலர் கட்ட வெச்சுது.

ஏர் கனடாவுக்கு எண்ணூறு டாலர் பொரிகடலைக் காசு. நமக்கு அப்படியா?

என் அக்கா பையன் போன மாசம் வந்து, "மாமா, நம்ம எண்ணெய்க்கு ஒரே நிமிசத்துல முப்பது விளம்பரம் எழுதி வாங்கிட்டேன்"னான். தமிழ் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நாலாவது வரியில 'இதய அடைப்பை நீக்கும்'. ஏழாவதுல 'சர்க்கரை நோயைக் குணமாக்கும்'. "கண்ணு, இதை எவன்டா சொன்னான்?"னு கேட்டேன். "எல்லாரும் இப்படித்தான் போடறாங்க மாமா"ன்னான். அதுதான் விஷயமே. எல்லாரும் போடறதைப் படிச்சுத்தானே அதுவும் எழுதுது.

உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும்னு விளம்பரம் பண்ணக் கூடாதுங்கறது சட்டம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 53, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம் போடலாம்னு சொல்லுது. அதிகாரி வந்தா அந்த மெஷின் மேல நோட்டீஸ் ஒட்ட மாட்டாரு, என் செக்குக் கொட்டாய்க் கதவுலதான் ஒட்டுவாரு. ஒரு நிமிசத்துல முப்பது விளம்பரம்ங்கறது உற்பத்தித்திறன்னா, ஒரு நிமிசத்துல முப்பது நோட்டீசுக்கு வழி பண்றதும் அதே உற்பத்தித்திறன்தான்.

"சரிங்க, பாத்துப் பண்ணலாம். நேரமாவது மிச்சமாகுதில்ல?"ன்னு கேப்பீங்க. அதையும் கொஞ்சம் உரசிப் பாக்கலாம். 2025-ல எம்.இ.டி.ஆர்.ங்கற அமெரிக்க ஆய்வு அமைப்பு ஒரு சோதனை பண்ணுச்சு. அனுபவம் உள்ள 16 மென்பொருள்காரங்க, அவங்களே வருசக்கணக்கா வேலை பாத்துப் பழகின திட்டங்கள்ல 246 வேலைங்க. சிலதுக்கு ஏஐ உண்டு, சிலதுக்கு இல்லை. ஏஐ இருந்தா 24 சதவீதம் நேரம் குறையும்னு ஆரம்பத்துல நினைச்சாங்க. உண்மையில 19 சதவீதம் கூடுதலா ஆச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, வேலை முடிஞ்ச பின்னாடியும் 20 சதவீதம் மிச்சமாச்சுன்னே நம்பிட்டு இருந்தாங்க!

பதினாறு பேரை வெச்சு உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. கருவிகளும் மாசா மாசம் மாறுது. ஆனா ஒண்ணு தெரியுதுங்க. வேகமாப் போற மாதிரி தோணறது வேற, போய்ச் சேர்றது வேற. 'எனக்கு வாரத்துல பத்து மணி நேரம் மிச்சம்'னு மேடையில சொல்றவரு கடிகாரத்தைப் பாத்துச் சொல்றாரா, மனசுக்குத் தோணினதைச் சொல்றாரான்னு கேக்கறதுல தப்பில்லை.

இப்ப நம்ம கொட்டாய்க்கு வருவோம். செக்குத் தொழில்ல நேரமும் காசும் எங்க போகுது? லெட்டர் எழுதறதுலயா? களத்துல காயப்போட்ட கடலையில போகுது. திடீர்னு மழை வந்தா மூடத் தார்ப்பாய் பத்தாது. ஈரம் எட்டு சதவீதத்துக்கு மேல நின்னுட்டா ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சணம் பிடிக்கும். அது விடற அஃப்லாடாக்சின் நஞ்சு சுத்திகரிக்காத எண்ணெயில கொஞ்சம் வந்துடும். மிச்சம் புண்ணாக்கோட மாட்டுக்குப் போயி, பால் வழியா நம்ம குழந்தைக்கே திரும்பி வரும். பருப்புல சொத்தையும் பூஞ்சணமும் பிடிச்சதைப் பொறுக்கி எடுக்கற நாலு அக்காங்கதான் என் கம்பெனியோட தரக்கட்டுப்பாட்டுத் துறை. எள்ளு ஆட்டும்போது கருப்பட்டி எப்பப் போடணும், எவ்வளவு போடணும்னு செக்குக்காரர் கைக்குத் தெரியும். 'பத்து பேர் வேலைய ஒருத்தரே'ன்னு சொல்றவரு இந்த அஞ்சு பேர்ல யாரை நிறுத்தச் சொல்றாரு?

மாசம் 20 டாலர்னு வெச்சுக்கிட்டா, ஒரு வருச சந்தாக் காசுல ஈரப்பதம் பாக்கற மீட்டர் ஒண்ணும் ரெண்டு நல்ல தார்ப்பாயும் வாங்கலாம். அந்த அக்காங்களுக்கு வெயில் படாம உக்கார நிழலும் போட்டுக் குடுக்கலாம். எங்க ஊர் உற்பத்தித்திறன் அங்க இருக்கு.

அடுத்த ஓட்டை, வர வேண்டிய பாக்கி. டவுன் கடைக்காரர் சரக்கை வாங்கிட்டு மூணு மாசம் இழுக்கறாரு. எம்எஸ்எம்இ சட்டம் 2006-ன்படி, உத்யம் பதிவு இருக்கற சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் குடுத்தாகணும். தாமதமானா ரிசர்வ் வங்கியோட வங்கி வீதத்தைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி. ஆன்லைன்லயே புகார் பண்ணலாம். அந்த மேடையில ஏறின ஒருத்தராவது இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. 'பணம் கேட்டு அழகா ஈமெயில் எழுதறது எப்படி'ன்னு மட்டும் காட்டறாங்க. ஈமெயில் அழகா இல்லாததாலயா அவர் பணம் குடுக்கலை? புகார் பண்ணினா அடுத்த ஆர்டர் போயிடுமேன்னு நாம பயப்படறது அவருக்குத் தெரியும். அந்தப் பயத்துக்கு மருந்து, நாலு செக்குக்காரங்க ஒண்ணாச் சேர்ந்து 'பாக்கி வெச்சா யாரும் சரக்குப் போட மாட்டோம்'னு நிக்கறதுதான். அதுக்கு ஆப் கிடையாதுங்க.

அப்ப நான் எதுக்குத்தான் அதைப் பயன்படுத்தறேன்? ஜிஎஸ்டி அறிவிப்பு இங்கிலீஷ்ல வந்தா அதோட சாரத்தைத் தமிழ்ல கேட்டுக்கறேன், அப்புறம் ஆடிட்டர்கிட்ட உறுதி பண்ணிக்கறேன். வடநாட்டு வாடிக்கையாளருக்கு இந்தியில ரெண்டு வரி எழுதி வாங்கறேன். தப்பானாலும் திருத்திக்கலாம், காசு போகாது. ஆனா எந்த மருந்தை எத்தனை மில்லி அடிக்கணும், லேபிள்ல என்ன போடணும், என்ன விலைக்குச் சரக்கு தர்றேன்னு வாக்குக் குடுக்கணும், இதெல்லாம் அதுகிட்ட விடறதில்லை. அடிச்ச மருந்தைத் திருப்பி உறிஞ்ச முடியாது. குடுத்த வாக்கையும்தான்.

அடுத்த கூட்டம் தை முடிஞ்சு வருதுன்னு சொல்றாங்க. நடத்தறவங்க அந்த ஒரு மணி நேரத்தை அரை மணியாக் குறைச்சுட்டு, மிச்சத்தை 45 நாள் சட்டத்துக்கும் கடலை காயவைக்கறதுக்கும் குடுக்கட்டும். குடுக்கலைன்னாலும் பரவாயில்லை, நீங்க போங்க. கை தட்டறதுக்கு முன்னாடி எழுந்து நின்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "ஐயா, இது சொன்னதை நம்பி எனக்கு நட்டம் வந்தா, அதுல பாதிய நீங்க ஏத்துக்குவீங்களா?"

ஏத்துக்கறேன்னு எழுதிக் குடுத்தா, முதல் சந்தா நான் கட்டறேன்.