இன்ஸ்டாலர்... நீங்களே செய்யலாம்!

கடைக்கு ஒரு பில்லிங் புரோகிராம் எழுதியாயிற்று. எழுதியவரின் லேப்டாப்பில் ஜம்மென்று ஓடுகிறது. கடை கம்ப்யூட்டருக்கு காப்பி செய்தால், 'ஒரு ஃபைலைக் காணோம்' என்று நின்றுவிடுகிறது. இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் இன்ஸ்டாலர். தேவையான எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கட்டிக் கொண்டுபோய், அதனதன் இடத்தில் வைத்துவிடும்.

விண்டோஸுக்கு 'இன்னோ செட்டப்' நல்ல தேர்வு. ஜோர்டான் ரஸ்ஸல் உருவாக்கிய இது, 1997 முதல் புழக்கத்தில் இருக்கிறது. மாணவர்கள் தங்கள் புராஜெக்ட்டுக்கு இலவசமாகவே பயன்படுத்தலாம். அதிலுள்ள விசார்டைத் திறந்தால் புரோகிராமின் பெயர், வெர்ஷன், சேர்க்கவேண்டிய ஃபைல்கள் என ஒவ்வொன்றாகக் கேட்கும். பதில் சொல்லி 'கம்பைல்' கொடுத்தால் செட்டப் ஃபைல் தயார். அன்இன்ஸ்டால் வசதியையும் அதுவே சேர்த்துவிடும்.

மூன்று விஷயங்களில் கவனம் தேவை.

* பில் கணக்கு சேரும் டேட்டா ஃபைலை இன்ஸ்டாலரில் வைக்காதீர்கள். அடுத்த வெர்ஷன் போடும்போது, காலி ஃபைல் பழைய கணக்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். முதல்முறை திறக்கும்போது, யூசரின் 'ஆப்டேட்டா' ஃபோல்டரில் புரோகிராமே அதை உருவாக்கிக்கொள்ளட்டும்.

* விசார்ட் தரும் 'ஆப் ஐடி'யை மாற்றாதீர்கள். மாற்றினால், புது வெர்ஷனை வேறொரு புரோகிராம் என்றே விண்டோஸ் எண்ணும்.

* புரோகிராம் எழுதும் டூல்கள் எதுவும் இல்லாத கம்ப்யூட்டரில் சோதித்துப் பாருங்கள். விடுபட்ட ஃபைல் அங்கேதான் தெரியும்.

டிஜிட்டல் கையொப்பம் இல்லாத செட்டப்பை இணையத்திலிருந்து இறக்கித் திறந்தால், விண்டோஸ் எச்சரிக்கை காட்டலாம். வாங்குபவரிடம் அதை முன்பே சொல்லிவிட்டால், வைரஸோ என்ற பயம் வராது!