அர்ஜென்டினா இருக்கட்டும், முதலில் கடலூர்

ஹாம் ரேடியோ நண்பர்கள் சிலருக்கு இந்தப் பதிவு பிடிக்காது. பரவாயில்லை. எழுபது தாண்டிய பிறகு யார் கோபித்துக்கொண்டாலும் எனக்கு ரத்த அழுத்தம் ஏறுவதில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.

போன மாதம் பெசன்ட் நகர் கடற்கரையில் நாலைந்து ஹாம்கள் காரோடு கூடியிருந்தார்கள். ஒவ்வொரு கார் மேலும் ஒரு பளபளப்பான ஆண்டெனா கம்பு, எட்டடி உயரம், நடுவில் தடிமனான காயில். ஒரு இளைஞர் முந்தின இரவு அர்ஜென்டினாவோடு பேசியதை விவரித்தார். பாராட்டினேன். "இங்கேயிருந்து கடலூரோட பேச முடியுமா தம்பி?" என்று கேட்டேன்.

"ரிப்பீட்டரை லிங்க் பண்ணினா போகும் அங்கிள்."

"லிங்க் எதுல?"

"இன்டர்நெட்லதான்."

இன்டர்நெட் இருந்தால் நான் ஏனய்யா ரேடியோவைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன், கடலூருக்கு வீடியோ காலே போட்டுவிட மாட்டேனா!

அவரைக் கேலி செய்யும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பரில் நான் அவரைவிட மோசமாக இருந்தேன்.

அந்த டிசம்பர் 1ஆம் தேதி மழையை நம்மூர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்து நின்றது, கோட்டூர்புரம் தண்ணீரில் நின்றது. மறுநாள் காலை காபியோடு 'தி இந்து' வரவில்லை. ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. 1878இல் தொடங்கிய பத்திரிகை. எங்கள் மயிலாப்பூர் தெருவில் தண்ணீர் ஏறவில்லை, ஆனால் கரண்ட் இல்லை, செல்போன் செத்துப்போயிருந்தது.

கோட்டூர்புரத்திலிருந்து உடுத்திய புடவையோடு எங்கள் கீழ்வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு பெண்மணி ஒரு துண்டுச் சீட்டை என்னிடம் கொடுத்தார். கடலூரில் அவருடைய அம்மா தனியாக இருக்கிறார். அங்கேயும் வெள்ளம். "நீங்க ரேடியோல பேசுவீங்களாமே சார், அம்மா இருக்காங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க." கடலூரில் எனக்குத் தெரிந்த ஹாம் ஒருவர் உண்டு, அந்தத் தெருவுக்குப் பக்கம்தான். எனவே கொஞ்சம் பெருமையோடுதான் காரில் போய் உட்கார்ந்தேன்.

அன்று பகல் முழுக்கக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இரவில் தில்லி கேட்டது, கொல்கத்தா கேட்டது, எந்த ஊர் என்றே புரியாத ஒரு ரஷ்யர் கேட்டார். நூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் கடலூர் கேட்கவில்லை. அந்த அம்மாள் மாடிப்படியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

3ஆம் தேதி காலை மேற்கு மாம்பலத்திலிருந்து என் பழைய நண்பர் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். தோளில் ஒரு சுருள் ஒயர். என் கம்பைப் பார்த்துச் சிரித்தார். மொட்டை மாடியிலிருந்து மாங்காய் பறிக்கும் துரட்டிக் கம்பை எடுத்துவரச் சொல்லி, அதை கார் பம்பரோடு சேர்த்துக் கட்டினார். அதன் உச்சியில் ஒயரின் நடுப்பகுதி. ஒரு முனை எங்கள் கேட் பக்கத்து வேப்பமரத்துக்கு, இன்னொரு முனை எதிர்வீட்டு பால்கனிக்கு, நைலான் கயிற்றில். பத்து நிமிட வேலை. மூன்றாவது அழைப்பில் கடலூர் நண்பர் பதில் சொன்னார். பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தாராம், முந்தின நாளிலிருந்து சென்னையைத்தான் தேடிக்கொண்டிருந்தாராம். மதியத்துக்குள் சேதி வந்தது: அம்மா பக்கத்து வீட்டு மாடியில் இருக்கிறார், சாப்பிட்டார்.

ஒன்றரை நாள். அந்தப் பெண்மணியை ஒன்றரை நாள் அழவிட்டது மழை இல்லை, நான் ஆசையாக வாங்கிய கம்பு.

ஏன் இப்படி? கரண்ட் போன இரவில் டார்ச்சைச் சுவரைப் பார்த்துப் படுக்க வைத்தால் எதிர்ச்சுவர் மட்டும் வெளிச்சமாகும். அதையே மேஜைமேல் நிமிர்த்தி வைத்தால் கூரையில் பட்டு அறை முழுக்க மங்கலாக ஒளி பரவும். சிற்றலைக்கு வானத்தில் அயனி மண்டலம் என்று ஒரு கூரை இருக்கிறது. இலங்கை வானொலியை சிற்றலையில் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. கார் மேல் நிமிர்ந்து நிற்கும் கம்பு, படுக்க வைத்த டார்ச் மாதிரி. அடிவானத்தை நோக்கி அனுப்பும், தலைக்கு நேர்மேலே ஏறக்குறைய ஒன்றும் அனுப்பாது. தாழ்வாகப் படுக்கையாகக் கட்டிய ஒயர் நேர்மேலே அனுப்பும். அது திரும்பி இறங்கி நம்மைச் சுற்றி இருநூறு, முந்நூறு கிலோமீட்டருக்கு மழை மாதிரி விழும். செங்கல்பட்டு, வேலூர், கடலூர், நாகப்பட்டினம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

இன்னொரு கொடுமையும் உண்டு. 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஒழுங்கான கம்பு பத்து மீட்டர் இருக்க வேண்டும். கார் மேல் இருப்பது இரண்டரை மீட்டர். மீதியைக் காயில் ஈடுகட்டுகிறது, அந்தக் காயிலேயே சக்தி சூடாகப் போகிறது. உள்ளே 100 வாட் போனால் வெளியே வருவது சில வாட்தான்.

ஒயருக்கு ஆகும் கணக்கு: மொத்தம் இருபது மீட்டர், நடுவில் வெட்டிப் பக்கத்துக்குப் பத்து. நடு உயரம் நான்கு மீட்டர் போதும், உயர்த்த வேண்டியதே இல்லை. முனைகள் ஆள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும், பேசும்போது அங்கேதான் வோல்டேஜ் அதிகம். ஈபி லைன் பக்கம் மட்டும் போகாதீர்கள். மழையில் இதை இரண்டு தடவை யோசியுங்கள். 100 வாட்டில் பேசினால் 20 ஆம்பியர் இழுக்கும், எனவே பாதி சக்தியில் பேசுங்கள், கார் ஸ்டார்ட் ஆக வேண்டுமே. பகலில் 7 மெகாஹெர்ட்ஸ். இரவில் அந்தக் கூரை பலவீனமானால் 3.5. அதற்கு நாற்பது மீட்டர் ஒயர் வேண்டும், மயிலாப்பூர் சந்தில் அதற்கு எங்கே போவது? கடற்கரைக்கோ பள்ளி மைதானத்துக்கோ காரை ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். மரமே இல்லாத இடத்தில் கம்பையாவது பின்பக்கமாக வளைத்துக் கட்டுங்கள். பழைய ராணுவ ஜீப் படங்களில் பார்த்திருப்பீர்கள், அழகுக்காக அப்படிக் கட்டவில்லை.

ரிப்பீட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடையாறுக்கும் தி. நகருக்கும் இடையே கையடக்க செட்டில் பேச அதைப்போல ஒன்றில்லை, கார் கூரையின் நடுவில் அரை மீட்டர் கம்பு போதும். ஆனால் அதுவும் ஏதோ ஒரு உயரமான கட்டடத்தில் பேட்டரியில் நிற்கும் பெட்டிதான். 2016இல் வர்தா வந்தபோது எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம், 2023இல் மிக்ஜாம் வந்தபோது வேளச்சேரியில் எத்தனை பேர் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு சிக்னல் தேடினார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

"தூரத்துத் தொடர்பு விளையாட்டுதானே சுனாமியில் உதவியது?" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். உண்மை. 2004 டிசம்பரில் தில்லியின் பாரதி பிரசாத் குழுவினர் அந்தமானிலிருந்து உலகத்தோடு பேசுவதற்காகத்தான் போர்ட் பிளேரில் இருந்தார்கள், சுனாமி வந்ததும் அதே நிலையத்தைச் சேதிப் பணிக்குத் திருப்பினார்கள். அவர்களுக்கு என் நமஸ்காரம். ஆனால் அவர்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டிப் பேச வேண்டியிருந்தது. நமக்கு மரக்காணம் தாண்டினால் போதும். தூரம் வேறு, அதனால் ஆண்டெனாவும் வேறு.

அப்புறம் நம் குடியிருப்புச் சங்கங்கள். மொட்டை மாடியில் ஒயர் கட்டினால் "பார்க்க அசிங்கமா இருக்கு சார்" என்பார்கள். அதே மாடியில் ஏழெட்டு டிஷ், துணிக்கொடி, உடைந்த தண்ணீர்த் தொட்டி. எங்கள் சங்கத்திடம் மூன்று முறை எழுதிக் கேட்டுவிட்டேன். 2015இல் என் காரைச் சுற்றி நின்று சேதி கேட்டவர்களில் இருவர் இன்று கமிட்டியில் இருக்கிறார்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பம். அதற்கு முன் மாதம் ஒரு ஞாயிறு, ரிப்பீட்டர் இல்லாமல், இன்டர்நெட் இல்லாமல், பனகல் பார்க், மெரினா, பெசன்ட் நகர் என்று நாலு காரிலிருந்து நாலு மாவட்டத்தோடு பேசிப் பார்க்கலாம். போட்டோ எடுக்க வேண்டாம், பேனர் வேண்டாம். யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்று ஒரு நோட்டில் எழுதினால் போதும்.

அர்ஜென்டினா தம்பிக்கும் சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிறு காலை ஏழு மணி, எலியட்ஸ் பீச். துரட்டிக் கம்பு நான் கொண்டுவருகிறேன்.