கொண்டை ஊசி வளைவில் பழைய கார்

பழைய கார் பிரியர்கள் கூடினால் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். சமதளச் சாலையில் மெல்ல ஓர் ஊர்வலம், மைதானத்தில் பானட்டைத் திறந்துவைத்துப் பெருமை பேசுதல், கோப்பை, கைதட்டல். கூடுவதானால் கோவைக்கு வரட்டும் என்பேன்.

முதல் நாளுக்கு அவினாசி சாலையில் உள்ள ஜீடி கார் அருங்காட்சியகம் போதும். 1920-இல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஒற்றைப் பேருந்தோடு தொழிலைத் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் பெயரில் இயங்கும் அறக்கட்டளையின் முயற்சி அது. ஆனால் பளபளக்கும் தரையில் நிற்கும் காருக்குச் சோதனை ஏது?

மறுநாள் வால்பாறை. ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ரேடியேட்டர் கொதிக்கும். மூடியை அவசரப்பட்டுத் திறந்தால் கை வெந்துவிடும். இறங்கும்போதுதான் உண்மையான பயம். அந்தக் கால அம்பாசிடரின் டிரம் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் லைனிங் கருகும் வாடை வரும், பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டாவது கியரில் இன்ஜினே பிடித்து இறக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் தலைமுறைக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம்!

சாலை அடைபடும், வரையாடு மிரளும் என்பது நியாயமான ஆட்சேபம். வார நாளில் ஐந்து ஐந்து வண்டியாக விடலாம், ஹாரன் கூடாது. ஐம்பது வயது கடந்து, 2021 விதிப்படி விண்டேஜ் வண்டிக்கான ‘விஏ’ எண் பெற்ற வண்டிகளுக்கு அன்றாட ஓட்டம்தான் தடை. அணிவகுப்புக்கு அனுமதி உண்டு. உரிமையாளருக்கு அறை போடும்போது, வண்டியை ஓடவைக்கும் பொள்ளாச்சி மெக்கானிக்குக்கும் ஒன்று போடுங்கள்.