எத்தனை நாளைக்குத் தொடக் கூடாது?

"கொஞ்ச நாளைக்குப் பிள்ளைகளைத் தொடாதே. தட்டு, டம்ளர் தனியா வச்சுக்கோ. தனியாப் படு." தைராய்டு புற்றுநோய்க்குக் கழுத்தில் அறுவை முடிந்து, கதிரியக்க அயோடின் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் சொன்னது இவ்வளவுதான். ஏன், எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "சொன்னா ஒனக்குப் புரியுமா?" என்றார் டாக்டர். பக்கத்துக் கட்டில்காரம்மாவுக்கு 'நீங்க'. எனக்கு 'நீ'.

தனி டம்ளரைப் பற்றி எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. சிவகாசிப் பக்கத்து டீக்கடையில் எங்க அய்யா அதில் குடித்தவர்தான். ஆறு வயசுப் பேத்தி வாசலில் நின்று "அப்பத்தா, நான் என்ன தப்புப் பண்ணுனேன்?" என்று அழுதபோது அந்த டம்ளர்தான் ஞாபகம் வந்தது. புரியாத விஷயமா அது? அயோடின் 131 எட்டு நாளைக்கு ஒருமுறை வீரியம் பாதியாகும். மூத்திரத்திலும் எச்சிலிலும் வேர்வையிலும் வெளியேறும். அதுவரை சின்னப் பிள்ளைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் தள்ளி இருக்கணும். அவ்வளவுதான். வேறொரு நர்சம்மா பின்னாடி ரெண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். இந்தத் தீட்டுக்காவது கெடு உண்டு. அது தெரியாமல் ரெண்டு மாசம் பேத்தியைத் தூக்கவில்லை நான்.

மாத்திரைக் கதை இன்னொன்று. தைராய்டை எடுத்துவிட்டால் அதன் வேலையைச் செய்யும் மாத்திரையை ஆயுசுக்கும் விழுங்கணும். வெறும் வயிற்றில், டீக்கு அரைமணி முன்னால். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்த்துப் போட்டால் அது உடம்பில் சரியாகச் சேராது; நாலு மணி நேரம் இடைவெளி வேணும். எனக்குத் தந்த சீட்டு இங்கிலீஷில். பட்டாசு ஆலை வேனுக்கு ஓடுகிற அவசரத்தில் ரெண்டையும் டீயோடு முழுங்கினேன். மாசக்கணக்கில் அசதி, குளிர். கொத்துக்கொத்தாக முடி கொட்டியது. சரம் பின்னும் விரல் மரத்து இழுத்தது. கால்சியம் குறைந்தால் அப்படி வரும், உடனே ஓடி வா என்று சொன்னவர் இல்லை. பீஸ்ரேட் கூலி பாதியானது. போர்மேன் சோம்பேறி என்றான். குரலும் போச்சு. சங்கக் கூட்டத்தில் மைக் இல்லாமல் பேசியவள், இப்போ பஸ்சில் டிக்கெட் கேட்டால் கண்டக்டர் குனிந்து காதைக் கொடுக்கிறார். குரல் நரம்பு அடிபடலாம், அதற்குப் பயிற்சி உண்டு என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

என்ன வேலை பார்க்கிறாய் என்றும் கேட்கவில்லை. பட்டாசு மருந்தில் சேரும் பெர்குளோரேட், தைராய்டுக்குள் அயோடின் போவதைத் தடுக்கக்கூடியது. அதனால்தான் புற்றுநோய் வந்தது என்று நான் சொல்லவில்லை, அதற்கு நிரூபணம் கிடையாது. ஆனால் அயோடினையே மருந்தாக வாங்கப் போகிறவளிடம் கேட்க வேண்டாமா?

அறுவைக்கு முதலமைச்சர் காப்பீடு காசு கட்டியது. கும்பிட மாட்டேன், அது எங்க பணம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அந்தப் பையில் தைராய்டு மாத்திரையும் வரட்டும். 2022இல் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அங்கே படிக்கிற நம்ம பிள்ளைகளே, தமிழில் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். எத்தனை நாள் தள்ளி இருக்கணும், எந்த மாத்திரை எப்போ, விரல் மரத்தால் எங்கே வரணும். எழுத்துத் தெரியாதவங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து 'நீங்க' போட்டு வாசித்துக் காட்டுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன். குரல்தான் கொஞ்சம் கம்மலாக இருக்கும்.