வீட்டுத் தோட்டத்தில் சொடக்குத் தக்காளி

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் எல்லைக் கிராமங்களில், மரவள்ளியும் வாழையும் நிற்கும் புரையிடங்களில், மழைக்குப் பின் ஒரு சிறு செடி தானாக முளைக்கிறது. தமிழர் அதனைச் சொடக்குத் தக்காளி என்பர். மலையாளத்தில் அது ஞொட்டாஞொடியன். காற்றடைத்த கூடு போன்ற புல்லிவட்டத்தினுள் அதன் காய் அமைந்திருக்கும். அக்கூட்டை நெற்றியில் அடித்து ஒலி எழுப்புவது சிறுவர் விளையாட்டு. பெரியோர்க்கோ அது வெறும் களை.

மெக்சிக்கோ நாட்டின் டொமாட்டில்லோ இதன் நெருங்கிய உறவினம். இரண்டும் பைசாலிஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அங்கும் அது மக்காச்சோள வயல்களில் தானாக முளைப்பதுண்டு. அந்நாட்டு உழவர் அதனைப் பிடுங்காது விட்டுவைத்தனர். நற்காய் காய்த்த செடிகளின் விதையைப் போற்றினர். நாளடைவில் அது சந்தைக் காய்கறி ஆயிற்று. நம் செடியும் அதே அளவு பருக்கும் என்று கூறுவதற்கில்லை. எனினும், சோதித்துப் பாராமலே களையென்று தள்ளுவது விஞ்ஞான நெறி ஆகாது.

அயல்நாட்டு விதையை விரும்புவோர் ஒன்றை அறிதல் வேண்டும். டொமாட்டில்லோ தன் மகரந்தத்தால் தானே கருவுறுவதில்லை. ஒற்றைச் செடியாக நின்றால் பூத்தும் காய்ப்பது அரிது. சொடக்குத் தக்காளியோ தனித்து நின்றும் காய்க்கும். ஆதலால் பள்ளித் தோட்டத்தில் உள்ளூர்ச் செடிக்கே முதலிடம் தருவது தகும். ஆயின், தன்மகரந்தச் சேர்க்கையால் ஒரு செடியின் வழித்தோன்றல்களிடையே வேறுபாடு குறைவு. எனவே விதையைப் பல முற்றங்களிலிருந்து திரட்ட வேண்டும். 1956 நவம்பர் 1-இல் அமைந்த மாநில எல்லைக்கு இப்பாலுள்ள பாறசாலையிலும், அப்பாலுள்ள களியக்காவிளையிலும் மாணவர் இதனைச் செய்யலாம்.

முறை எளிது. கூடு உலர்ந்து தானாக உதிர்ந்த பழத்தை நீரில் பிசைந்து, அடியில் தங்கும் விதையை நிழலில் உலர்த்துக. பருவமழை தணிந்தபின், துளையிட்ட சிரட்டையில் மணலும் மட்கிய எருவும் கலந்து நிரப்பி, விதையைத் தூவி மெல்லிதாக மூடுக. நாற்றுக்கு நான்கைந்து இலைகள் வந்தபின் இரண்டடி இடைவெளியில் நடுக. புளிப்புத் தன்மையுள்ள செம்மண்ணில் முன்னதாகச் சுண்ணாம்பு இடுதல் நன்று. தக்காளியோ கத்தரியோ வாடி மடிந்த பாத்தியில் நடலாகாது. அந்த பாக்டீரியா வாடல் நோய் இக்குடும்பச் செடிகள் பலவற்றையும் தாக்க வல்லது. அதனைத் தாங்கும் சக்தி, முக்தி, அனகா ஆகிய தக்காளி வகைகளைக் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ளது.

ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பச்சைக் காயும் இலையும் கூடும் உண்ணத் தக்கன அல்ல. அடையாளம் உறுதியாகத் தெரிந்த செடியில் நன்கு முதிர்ந்த பழத்தை மட்டுமே உண்ணலாம். இவ்வறிவு முன்பு மூத்த சிறுவரிடமிருந்து இளையோர்க்கு விளையாட்டோடு சென்றது. இன்று அதனை ஆசிரியரே கற்பித்தல் வேண்டும்.

ஒவ்வொரு பருவத்திலும் பழங்களை நிறுத்துக் குறித்து, சிறந்த செடியின் விதையையே மறு பருவத்திற்கு வைத்தால், தேர்வு என்னும் பாடம் மாணவர் கண்முன் நிகழும். கிருஷி பவன் பணியாளர் களையெடுக்கச் சொல்லும்போது, இரண்டொரு செடிகளையேனும் விட்டுவைக்கச் சொல்வாராக.