நோயாளியின் தொழில் என்ன?

நர்ஸ் மாணவிகளுக்கு வார்டில் கற்பிக்கும் முறையைப் பற்றி நாம் எழுதினால், "தொழிற்சங்கம் நடத்துகிறவர்களுக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். கொடைக்கானலைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

1980களில் அமெரிக்காவிலிருந்து ஒரு தெர்மாமீட்டர் ஆலை பழனி மலைக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் கைக்கு வந்தது. பாதரசக் கழிவு வெளியே போனது அம்பலமாகி, மக்கள் கிளர்ந்தெழுந்த பிறகு 2001 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. நோயுற்றதாக முறையிட்ட தொழிலாளர் 591 பேருடன் 2016ல்தான் உடன்பாடு ஏற்பட்டது. அப்போதும் கம்பெனி தன் பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை. நோய்க்கும் வேலைக்கும் சம்பந்தமுண்டா என்பதே பதினைந்து ஆண்டுத் தகராறு!

இந்தச் சம்பந்தத்தை முதலில் குறித்து வைக்கக்கூடியவர் யார்? படுக்கையருகே நிற்கும் நர்ஸ்தான்.

மாணவிக்கு வார்டில் என்ன சொல்லித்தருகிறார்கள்? படுக்கை விரி, டெம்பரேச்சர் எடு, சிறுநீரைச் சோதனைக் குழாயில் காய்ச்சி ஆல்புமின் பார், சார்ட்டில் எழுது. கை தேறுகிறது, தேறத்தான் வேண்டும். ஆனால் ஆல்புமின் ஏன் வந்தது? பாதரசமும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கையை நடுங்க வைக்கும், ஈறை வீங்க வைக்கும். படிவத்திலோ "தொழில்" என்ற இடத்தில் "கூலி" என்று ஒரே சொல். என்ன கூலி, எதைத் தொட்டு, எத்தனை வருஷம்? கேட்கும்படி சொல்லித்தர ஆளில்லை. ஆள் பற்றாக்குறையுள்ள ஆஸ்பத்திரிகளில் மாணவியே சம்பளமில்லாத வேலைக்காரி. பாடம் எப்போது நடக்கும்?

"உன் தொழில் என்ன?" என்று வைத்தியர் கேட்கவேண்டும் என இத்தாலியின் ராமஸ்ஸினி 1700லேயே எழுதிவிட்டார். நோயை நிர்ணயிப்பது டாக்டர் வேலை என்பார்கள். சரி. ஆனால் டாக்டர் நிற்பது இரண்டு நிமிஷம். நர்ஸ் இருப்பது நாள் முழுவதும். கேட்பதும் எழுதுவதும் அவர் வேலையே.

ஆகவே ஆசிரியை மாணவிகளோடு படுக்கையருகே உட்கார்ந்து கேட்டுக் காட்டட்டும். பூம்பாறை, மன்னவனூர் வயல்களில் மருந்து தெளிக்கும் நாளில் அழைத்துப் போகட்டும். பூச்சிமருந்து ஏறியவருக்குக் கண்பாவை சுருங்கும், வாயில் நீர் ஒழுகும், வியர்த்துக் கொட்டும் என்பதை, எந்த மருந்து, எந்தக் கையால், துணி கட்டியா கட்டாமலா என்பதோடு சேர்த்துப் படிக்கட்டும். கிராம சுகாதாரம் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது; புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

கொடைக்கானலிலேயே அந்த ஆலையின் பழைய தொழிலாளர்கள் இருக்கிறார்கள். கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏற்றியது எப்படி, வேலை உடுப்பை எங்கே துவைத்தார்கள் என்று மாணவிகள் அவர்களிடம் போய்க் கேட்டு எழுதட்டும். இந்த வருஷப் பயிற்சியிலேயே அதைத் தொடங்கலாம்.